காயில் மாற்றியும் எஞ்சின் விளக்கு அணையவில்லையா? பழைய டர்போ காரில் பி0352-ஐத் தேடிப் பிடிக்கும் வழி

எங்கள் சுங்கை சிப்புட்டில் டர்போ கார் வைத்திருப்பவர்கள் முன்பு குறைவு. இப்போது அப்படி இல்லை. குடும்பம் பெரிதென்று பழைய புரோட்டான் எக்ஸோரா போல்ட் வாங்குகிறார்கள், இளைஞர்கள் ப்ரெவே வாங்குகிறார்கள், ஒரு சிலர் ஆசைப்பட்டுப் பழைய வால்வோவும் வைத்திருக்கிறார்கள். கைமாறி வந்த வண்டி, பத்துப் பன்னிரண்டு வயது, விலையும் கைக்கு அடக்கம். பிரச்சனை வரும்போதுதான் தவித்துப் போகிறார்கள்.

செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி தன் டர்போ காரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முகம் வாடியிருந்தது.

“அண்ணே, ரெண்டு தடவ காயில் மாத்தியாச்சு. லைட்டு மறுபடியும் வந்துருச்சு. அதே கோடுதான்.”

“எப்ப வருது தம்பி? நிக்கும்போதா, ஏத்தத்துல ஏறும்போதா?”

“ஏத்தத்துல. மெனோரா சுரங்கத்துக்கு ஏறுவோமே, அங்கதான் குலுங்குது.”

எஞ்சின் விளக்கு எரியும்போது காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் குறியீடு பி0352. பிளக்கில் பொறி வரவைக்கும் மின்சுருளான காயிலுக்கே 400 வெள்ளிக்கு மேல் செலவாகியிருந்தது. அவன் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. இந்தக் கட்டுரையை அவனைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கையில் ஒரு மல்டிமீட்டர், குறியீட்டைப் படிக்க போனோடு இணையும் ஓபிடி ரீடர், பிளக் சாக்கெட், ஒரு டார்ச் லைட் இருந்தால் போதும், இதில் பெரும்பகுதியை நீங்களே வீட்டு வாசலில் செய்துவிடலாம்.

குறியீடு எதைச் சொல்கிறது

முதலில் ஒன்றை மனதில் பதிய வையுங்கள். பி0352 என்றால் ‘இரண்டாவது காயில் கெட்டுவிட்டது’ என்று பொருள் இல்லை. ‘இரண்டாவது காயிலின் மின்சுற்றில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை’ என்று காரின் கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுற்றுக்குள் காயில் இருக்கிறது, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயர் இருக்கிறது, கட்டளை கொண்டுவரும் வயர் இருக்கிறது, எர்த் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரே இருக்கிறது. இத்தனை பேரில் காயில் ஒருவர்தான். பழி மட்டும் எப்போதும் அவர் தலையில்தான் விழுகிறது.

பி0351 முதல் பி0354 வரை நான்கு காயில்களின் சுற்றைக் குறிக்கும். பி0301 முதல் பி0304 வரை வேறு வகை. அவை அந்தந்த சிலிண்டர் மிஸ் அடிப்பதை, அதாவது வெடிக்காமல் தவறுவதைக் குறிக்கும். இரண்டும் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகின்றன என்பது தெரிந்தால் குழப்பம் தீரும். மிஸ் அடிப்பதைக் கம்ப்யூட்டர், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் சுழலும் வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் கொஞ்சம் முந்த வேண்டும். முந்தாமல் தளர்ந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கணக்குப் போடுகிறது. அதற்குக் காரணம் பொறியாகவும் இருக்கலாம், பெட்ரோலாகவும் இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். பி0352 அப்படி இல்லை. அது மின்சாரத்தை நேரடியாகப் பார்த்துச் சொல்வது. ஆகவே பி0302 தனியாக வந்தால் தேட வேண்டிய இடம் பரந்தது. பி0352 தனியாகவோ பி0302-ஓடு சேர்ந்தோ வந்தால் முதலில் மின்சுற்றுக்குள் தேடுங்கள். இன்ஜெக்டரைக் கழற்ற இன்னும் நேரம் வரவில்லை.

பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் கடைசி எண்ணும் சிலிண்டர் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். எல்லாக் காரிலும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே பார்த்துவிடுங்கள். பொதுவாக டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம் முதலாவது. தப்பான பக்கத்திலிருந்து எண்ணி, நல்ல காயிலைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழிப்பதற்கு முன்னால் எழுதுங்கள்

விளக்கு எரிந்ததும் எல்லாரும் முதலில் குறியீட்டை அழிக்கிறார்கள், அல்லது பேட்டரி முனையைக் கழற்றி மாட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குறியீடு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ஆர்பிஎம், வேகம், எஞ்சின் சூடு, எஞ்சின் எவ்வளவு பளு இழுக்கிறது என்ற லோட் எல்லாம் அதில் இருக்கும். ரீடர் செயலியில் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியைத் திறந்தால் தெரியும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தாளிலும் எழுதிவையுங்கள்.

தம்பியின் காரில் அந்தப் பக்கத்தில் எஞ்சின் சூடு சாதாரணமாக இருந்தது, லோட் 90 விழுக்காட்டுக்கு மேல். வண்டி கொதிக்கவில்லை, ஆனால் எஞ்சின் முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது. இது பின்னால் பெரிதாக உதவியது.

இன்னொன்று. எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டலாம். மினுக்கினால் ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும். அதன் விலைக்கு நான்கு காயிலும் நான்கு பிளக்கும் பல தடவை வாங்கலாம். மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள், அவசரம் எதுவாக இருந்தாலும் சரி.

மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பொதுவான ஓபிடி குறியீட்டு முறை அமெரிக்காவில் 1996-இலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும்தான் கட்டாயமானது. அதற்கு முந்திய டர்போ வண்டியில் போன் ரீடர் பேசாமல் போகலாம். அப்போது அந்தக் காருக்கே உரிய முறையில்தான் குறியீட்டைப் படிக்க வேண்டும். மீதிச் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

காயிலைக் கழற்றி, கண்ணால் பாருங்கள்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். டர்போ பக்கம் ஆற வெகுநேரம் பிடிக்கும், காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. சாவியை எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது காயிலைத் தூக்கி, பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பிளாட்டினம் பாயிண்ட் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வீசும். உங்களுக்கும் ஆபத்து, கம்ப்யூட்டருக்கும் ஆபத்து.

கனெக்டரைக் கழற்றும்போது பூட்டு நாக்கை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பன்னிரண்டு வருட வெப்பத்தில் அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாக இப்படியும் அப்படியும் திருகி மேலே எடுங்கள்.

காயிலின் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா? பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு இழுத்தது போல மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் மின்சாரம் பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாக எஞ்சின் தலைக்குத் தாவுகிறது என்று அர்த்தம். பிளக்கையும் ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டின் குழி சீல் போயிருக்கிறது, அதை மாற்றாமல் காயில் மாற்றுவது வீண். தண்ணீர் இருந்தால் அண்மையில் எஞ்சினைப் பிரஷர் ஜெட் அடித்துக் கழுவினீர்களா என்று யோசியுங்கள்.

பிளக் இடைவெளி டர்போ காரில் முக்கியம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் கூடக் கூட, பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதனால்தான் டர்போ எஞ்சினுக்கு இடைவெளியைக் குறைத்து வைக்கிறார்கள், பல வண்டிகளில் 0.7 முதல் 0.8 மிமீ. முனை தேய்ந்து அது 1 மிமீ-க்கு மேல் போனால், நிற்கும்போது வண்டி பூ மாதிரி ஓடும், ஏற்றத்தில் டர்போ காற்றைத் திணிக்கும் பூஸ்ட் வந்ததும் குலுங்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். இரிடியம் பிளக் என்றால் மெல்லிய நடு முனையைத் தொடவே வேண்டாம்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே திருகி உட்கார வையுங்கள். வாஷர் உள்ள 14 மிமீ புதுப் பிளக் என்றால், கையால் இறுகியபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக்குள் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவு. எஞ்சின் தலை அலுமினியம், பலத்தைக் காட்டும் இடம் இல்லை.

இடம் மாற்றிப் பாருங்கள்

காசே செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் யாரும் காயில் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மூன்றாவதை இரண்டில் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள். மார்க்கர் பேனாவால் காயில் தலையில் பழைய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது குறியீட்டை அழித்து, முன்பு எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் வண்டியை ஓட்டுங்கள். ஏற்றத்தில் வந்த குற்றத்தை வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் கையில் போனைக் கொடுங்கள், நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள்.

குறியீடு பி0353-ஆக மாறி வந்தால் குற்றம் காயிலோடு நகர்ந்திருக்கிறது. காயில்தான், சந்தேகமே வேண்டாம், புதியது வாங்குங்கள். பி0352-ஆகவே நின்றால் காயில் நல்லது. குற்றம் அந்த இடத்தில் இருக்கிறது. பி0352 போய் பி0302 மட்டும் வந்தால், அடுத்து பிளக்கையும் இதே போல இடம் மாற்றுங்கள்.

தம்பியின் காரில் பி0352 அசையவில்லை. இரண்டு தடவை காயில் விற்ற பட்டறை இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

ஓம் மீட்டரால் காயிலை அளந்தே முடிவு சொல்பவர்களும் உண்டு. இரண்டு முள் காயில் என்றால் உள்சுற்றின் ஓம் அளவு ஓரளவுக்குச் சொல்லும். மூன்று, நான்கு முள் காயிலுக்குள் எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது, அதில் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சூடேறினால் மட்டும் கெடும் காயிலும் ஆறிய நிலையில் நல்ல எண்ணையே காட்டும். இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமானது.

வயருக்குள் தேடுவது

காயில் நிரபராதி என்று தெரிந்துவிட்டால் கனெக்டருக்கு வாருங்கள். முதலில் பேட்டரி. வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு சாவியை ஆன் செய்து, கழற்றிய கனெக்டரின் பவர் முள்ளில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். எந்த முள் எதற்கு என்பதை வயரிங் படத்தில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். முள்ளுக்குள் மீட்டர் கம்பியைக் குத்தித் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிடி விரிந்துவிட்டால் நீங்களே புதுக் குற்றம் உண்டாக்கியது ஆகிவிடும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டினால் பவர் வயர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு 12 வோல்ட் தெரியும், ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. 21 வாட் சிக்னல் பல்பு ஒன்றை பவர் முள்ளுக்கும் எர்த்துக்கும் இடையில் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் வழியில் எங்கோ அரித்திருக்கிறது. இந்தப் பல்புச் சோதனையை பவர் வயரில் மட்டும் செய்யுங்கள். கட்டளை வயரில் பல்பைக் கொடுத்தால் கம்ப்யூட்டருக்குள் காயிலை இயக்கும் டிரைவர் சுற்று கருகிவிடலாம்.

கட்டளை வயருக்கு வேறு முறை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கம்ப்யூட்டர் கனெக்டரையும் கழற்றி, அந்த வயரின் இரு முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், மீட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வயர்க்கட்டை நீளம் முழுக்க விரலால் லேசாக வளைத்து, இழுத்து, தட்டிக்கொண்டே போக வேண்டும். அவசரப்படாதீர்கள். ஒரு சாண் தூரத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று தம்பி மீட்டரைப் பிடித்திருந்தான், நான் வயரைப் பிடித்திருந்தேன். முதல் சாணில் எண் அசையவில்லை. வால்வ் கவரின் பின்விளிம்பில் வயர்க்கட்டு வளையும் இடத்தில் என் விரல் அழுத்தியதும் “அண்ணே, போச்சு!” என்று கத்தினான். விட்டால் எண் திரும்பியது. அழுத்தினால் போனது. துணி டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். வயரின் தோலில் அரிசி நீளத்துக்கு இரண்டு பல் தடம். உள்ளே செம்பு இழைகள் பாசி படிந்தது போலப் பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்தன. பளபளப்பாக மிஞ்சியிருந்தவை இரண்டே இழைகள்.

எலி. செம்பனைக்குள் வீடு உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதிர்ந்த பழத்தைத் தின்று கொழுக்கும் எலிகளைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். இரவில் சூடாக இருக்கும் எஞ்சின் அறை எலிக்கு நல்ல படுக்கை. கடித்த காயத்தில் மழையும் ஈரமும் இறங்கி மாதக்கணக்கில் செம்பை அரித்திருக்கிறது.

சரி, ஏன் ஏற்றத்தில் மட்டும்? பூஸ்ட் வந்து முழு இழுவையில் போகும்போது எஞ்சின் தன் மவுண்டிங்கின் மேல் பின்பக்கமாகச் சாயும். பழைய மவுண்டிங் ரப்பர் என்றால் இன்னும் கூடுதலாகச் சாயும். அந்தச் சாய்வு வயரைச் சற்றே இழுத்தது, மிஞ்சிய இரண்டு இழையும் தொடர்பு விட்டது. லோட் 90 விழுக்காட்டுக்கு மேல், எஞ்சின் சூடு சாதாரணம் என்று முதல் நாளே எழுதிவைத்தது இதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஒட்டும் வேலை

இரண்டு முனையையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விடுவது எஞ்சின் அறையில் நிற்காது. சூட்டில் டேப்பின் பசை உருகி வழியும். பச்சை பூத்த பகுதியை முழுக்க வெட்டி எறியுங்கள், பளபளக்கும் செம்பு தெரியும் வரை. அதே தடிமன் வயரில் ஒரு துண்டு சேர்த்து, இரு முனையையும் ஈயம் வைத்து ஒட்டுங்கள், அல்லது சரியான இடுக்கியால் ஜாயிண்ட் அழுத்துங்கள். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை, ஒட்டுவதற்கு முன்பே வயரில் கோர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். அதன் மேல் துணி டேப். கடைசியாக, எஞ்சின் சாய்ந்தாலும் வயர் இறுகாத அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

ஹாஃப்-கட் எஞ்சின், அதாவது பாதியாக வெட்டி வந்த பழைய காரின் எஞ்சின், இறக்கிய வண்டி என்றால் இந்த வயர்க்கட்டில் முன்பே யாரோ போட்ட ஒட்டுகள் நிறைய இருக்கும். அவற்றிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள்.

வயரும் நல்லது, காயிலும் நல்லது, பிளக்கும் நல்லது, குறியீடு மட்டும் நிற்கிறது என்றால்தான் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது மின் அலையைப் படமாகக் காட்டும் ஆசில்லோஸ்கோப் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போங்கள். பழைய கம்ப்யூட்டரை வாங்கி மாட்டிப் பார்ப்பது சரிப்படாது, பல வண்டிகளில் அது சாவியோடு பிணைக்கப்பட்டிருக்கும்.

பி0302 மட்டும் வந்து, காயில், பிளக் இரண்டையும் இடம் மாற்றியும் நகராவிட்டால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும், அது தனிக் கதை. பி0300, அதாவது குறிப்பிட்ட சிலிண்டர் இல்லாமல் மிஸ் அடிப்பது, தோட்டத்துச் செம்மண் சாலையில் மட்டும் வந்தால் பதறாதீர்கள். குண்டும் குழியும் சக்கரத்தை உலுக்கி, அந்த உலுக்கல் கிராங்க் வரை போய் கம்ப்யூட்டரைக் குழப்புவது உண்டு. தார்ச் சாலையிலும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சரியாகிவிட்டதா என்று உறுதி செய்வது

குறியீட்டை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில், அதே இழுவையில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு வரவில்லை என்பது மட்டும் போதாது. ரீடரில் ‘பெண்டிங்’ பகுதியைத் திறந்து அங்கேயும் காலியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே குறியீடு அங்கே வந்து காத்திருக்கும். நீங்கள் அழிக்காமல் விட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குற்றம் தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே விளக்கை அணைக்கும். குறியீட்டின் பதிவு மறைய இன்னும் பல நாள் ஆகும், பொதுவாக எஞ்சின் 40 தடவை சூடேறி ஆற வேண்டும்.

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ போனான். திரும்பும்போது ஜெலாப்பாங் தாண்டி, மெனோரா சுரங்கத்தின் ஏற்றத்தில் ஒரே சீராக ஏறினோம். அடுத்தடுத்த வாரங்களிலும் பெண்டிங் காலியாகவே இருந்தது. அவனிடம் இன்னொரு வேலையும் சொன்னேன். முதலில் கழற்றிப்போட்ட பழைய காயில் வீட்டில் கிடந்தது, அதைக் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் வண்டியில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். குறையே இல்லை. காசு கொடுத்து வாங்கிய புதிய காயில் இப்போது துணியில் சுற்றி, ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் இருக்கிறது.